மோப்பம்

காய்ச்சலில் எஸ்தருக்கு மோப்பம் போய்விட்டது. குழாய் கேஸ் உள்ள வீட்டில் கசிவை முகர்ந்து சொல்ல ஒருவராவது இருக்க வேண்டும் என்பது கேஸ் கம்பெனியின் விதி. அவள் வீட்டில் அந்த ஒருவர் கணவர் தவமணிதான். அவர் இறந்த மறுவாரமே, கோயம்புத்தூர் வீட்டின் இணைப்பைத் துண்டிக்க கம்பெனி இன்ஸ்பெக்டர் தாரிணி வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, ரூல் அப்படிங்க."

"பரவால்ல கண்ணு, கரண்டு அடுப்புல பொங்கிக்கறேன்."

வால்வுக்கு சீல் வைத்துவிட்டுத் தாரிணி கிளம்பியபோது, எஸ்தர் உள்ளேயிருந்து ஒரு சட்டையோடு வந்தாள்.

"அவரு கடைசியாப் போட்டது. நான் தொவைக்கல. வாசம் இன்னும் இருக்குதான்னு மோந்து சொல்றியா?"

தாரிணி சட்டையை முகத்தருகே கொண்டுபோனாள். "இருக்குதுங்கம்மா."

"எப்படி இருக்குது கண்ணு?"

தாரிணி கண்ணை மூடி மறுபடியும் சட்டையை முகர்ந்தாள். எஸ்தர் சட்டையைத் திரும்ப வாங்காமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.