ஒட்டகம் சொன்ன ‘உள்ளேன்’

“உள்ளேன்!” என்று ஒட்டகம் கை தூக்கியதும் தராசுக்குச் சுர்ரென்று வந்தது.

“பொய்! இவன் அன்னிக்கு இல்லவே இல்ல.”

பள்ளியின் கடைசி நாள் விழா முடிந்து, பெற்றோர்கள் வெளியே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் நைசாகத் தன் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டது. ஞாபகங்களுக்கு ஒரு கடைசி வருகைப் பதிவு, அதுவும் பட்டப்பேரிலேயே. யாராவது ஒரு நாளைச் சொல்வார்கள். அன்று இருந்தவர்கள் ‘உள்ளேன்’ சொல்ல வேண்டும். இல்லாதவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பின் முதல் நாள், பீரியட் முழுக்க வேறு வகுப்பில் உட்கார்ந்து மாங்கு மாங்கென்று எழுதியது. உள்ளேன், உள்ளேன்! பதினொன்றில், நாடகத்தில் செத்துக் கிடந்த ராஜா தும்மியது. உள்ளேன்!

பாதி மூடிய ஜன்னல் வழியாக மாலை வெயில் பெஞ்சுகள் மேல் சாய்ந்து கிடந்தது. அதில் சாக்பீஸ் தூசி மெல்ல மிதந்தது. பேசப் பேச நாலு வருஷமும் ஒரே நீளமான மதியம் போலத் தோன்றியது. தராசுக்கே கண் சொக்கியது.

அப்போதுதான் யாரோ பத்தாம் வகுப்பு மழை நாளைச் சொன்னார்கள். கூரை ஒழுகியதால் எல்லோரும் லேபுக்குப் போய் ஒண்டிக்கொண்ட நாள். ஒட்டகம் கை தூக்கினான்.

அந்த வருஷம் முழுக்க அவன் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டோடு படுத்திருந்தவன். பரீட்சைக்கு மட்டும் வந்து எழுதினான். அரைப் பொய்யைக்கூட விடமாட்டாள் என்றுதானே அவளுக்குத் தராசு என்று பேர் வைத்தார்கள்? விடுவாளா?

“நான் இல்லையா?” ஒட்டகம் பாதித் தூக்கத்தில் எழுந்தவன் மாதிரி விழித்தான். “கூரைத் தண்ணி குறி பார்த்து கணக்கு சார் வழுக்கைல சொட்டுச்சே? எலும்புக்கூடு கையில குடையை மாட்டி, ‘தாத்தா, நனையாதீங்க’ன்னு யாரோ சொன்னாங்களே?”

“சொன்னது நான்தான்டா!” என்றான் வாயைத் திறந்தால் நிறுத்தாத லவுட்ஸ்பீக்கர். “உனக்கு எப்படித் தெரியும்?”

ஒட்டகம் தலையில் தட்டிக்கொண்டான். “அட, நான் படுத்துல்ல கிடந்தேன்! மறந்தே போச்சு. தந்திதான் தினம் சாயங்காலம் வந்து சொல்லுவா.”

எல்லோர் தலையும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பியது. தந்தி குனிந்துகொண்டு பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள்.

யார் என்ன சொன்னார்கள், யார் யாரை முறைத்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்பவள். கடைசி மணி அடித்ததும் பறந்துவிடுவாள். ஸ்டாஃப் ரூமில் போய் வத்தி வைக்கத்தான் என்று வகுப்பு முடிவு கட்டியது. முடிவு கட்டியது தராசு, மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அந்த மழை நாள் வரைக்கும் தராசும் தந்தியும் ஒரே பெஞ்சு. அன்று லேப் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தராசு அழுதாள். காலையில்தான் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரேயடியாக வீட்டை விட்டுப் போயிருந்தார். தேடி வந்த தந்தியிடம் மனசு தாங்காமல் சொல்லித் தொலைத்துவிட்டாள்.

அன்றும் மணி அடித்ததும் தந்தி பறந்தாள். போச்சு, இனி ஊருக்கே தெரிந்துவிடும் என்று மறுநாளே தராசு பெஞ்சு மாறிக்கொண்டாள். அதோடு பேச்சும் நின்றது. அப்பா வெளியூர் வேலையில் இருப்பதாகத்தான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அது மட்டும் அவள் தராசில் பொய்யாக நிற்காது.

“கட்டுப் போட்டுக் கிடக்கறதைப் பார்த்தா சிரிப்பாங்கன்னு, யாரும் வரக்கூடாதுன்னு நான் வீட்டுல கத்தி வெச்சிருந்தேன்,” என்றான் ஒட்டகம். “இவ மட்டும் கேக்கல. ‘நான் உன்னைப் பார்க்கல, சொல்லிட்டுப் போயிடறேன்’னு ஜன்னலுக்கு வெளியே சுவர்ல சாஞ்சு நின்னுக்குவா. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பேன். கேக்கக் கேக்க நானும் உங்களோட பெஞ்சுல இருப்பேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு இவகிட்ட சத்தியம் வாங்கினது நான். இப்ப நானே உளறிட்டேன்.”

 

தராசு தந்தியைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள் என்றால் அதையும்தானே சொல்லியிருப்பாள்?

“உன்னைப் பத்திக்கூடச் சொன்னாளே!” என்று ஒட்டகம் அவள் பக்கம் திரும்பினான்.

“வேணாம், விடு.” தராசின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. வெளியே அம்மா தனியாக நின்றுகொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

ஒட்டகம் விடவில்லை. பழைய பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:

“குடை பிடிச்ச எலும்புக்கூட்டைப் பார்த்து நீ சிரிச்ச சிரிப்புல கண்ணெல்லாம் தண்ணியாம், மூக்கெல்லாம் சிவந்து போச்சாம். அன்னிக்கு உன்னை மாதிரி கிளாஸ்ல யாருமே சிரிக்கலைன்னு தந்தி சொன்னா.”