ஓட்டத்துக்கு லீவு

வாலிபால் மாஸ்டரின் படத்தைப் பார்த்ததும் அழுதுவிடுவோம் என்று பயந்துகொண்டே வந்த கேப்டனுக்கு, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. முழுசாக ஒரு வருஷம் குடியைத் தொடாமல் இருந்த மனிதருக்கு, ஃபைனலுக்கு முந்தின நாள்தானா புத்தி பிசக வேண்டும்?

இரங்கல் கூட்டம் மாஸ்டர் வீட்டு முன்னறையில் நடந்தது. ஆடைத் தொழிற்சாலையின் வாலிபால் அணிப் பெண்கள் எட்டுப் பேரும் நெருக்கியடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டரின் மனைவி சுவரோரம் நாற்காலியில் தலை கவிழ்ந்து இருந்தார்.

ஒவ்வொருத்தியாகப் பேசினார்கள். மாஸ்டரின் தங்கமான மனசைச் சொல்லக் கதைக்கா பஞ்சம்? ஷூ கிழிந்துபோனவளுக்குத் தன் ஷூவில் பழைய துணியைத் திணித்துக் கொடுத்துவிட்டு, அன்று முழுக்க வெறுங்காலோடு கோர்ட்டில் நின்றார். தோற்றுப்போய் அழுதவளை ஒரு வார்த்தை திட்டாமல், தப்பெல்லாம் பந்து மேல்தான் என்று பந்துக்கு ஓங்கி ஒரு அறை விட்டார். குடியால் பெரிய கிளப் வேலை பறிபோனதைக்கூட அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

“எல்லாம் சரி, அந்த ஓட்டம் ஒண்ணைத் தவிர” என்றாள் ஒருத்தி. துக்க வீடு என்பதையும் மறந்து எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

ஓட்டம் என்றால் சாதாரண ஓட்டமில்லை. பகலெல்லாம் தையல் மிஷினை மிதித்து, சாயங்காலம் பயிற்சியில் சக்கையாகி நிற்கும்போது, மைதானத்திலிருந்து மாஸ்டர் வீடு வரைக்கும் ஓடியாக வேண்டும். அவர்களுடைய விடுதியோ மைதானத்தை ஒட்டியே இருந்தது. மழை, தலைவலி, வயிற்றுவலி எதுவும் அவரிடம் செல்லாது.

சைக்கிளில் விசில் ஊதிக்கொண்டு பின்னால் வர வேண்டிய மனிதர், அவர்களுக்கு நடுவில் புகுந்துகொண்டு தானும் மூச்சு வாங்க ஓடுவார். அதுவும் கால் வைக்க இடமில்லாத கடைத்தெருவில்தான் “வேகம், வேகம்” என்று உயிரை வாங்குவார். வீட்டு வாசலில் அவர் மனைவி எல்லாருக்கும் தண்ணீர் கொடுப்பார். பிறகு எட்டுப் பேரும் மாஸ்டரை மனசுக்குள் திட்டிக்கொண்டே விடுதிக்குத் திரும்பி நடப்பார்கள்.

ஃபைனலுக்கு முந்தின நாள் அதற்கு லீவு வாங்கியது கேப்டன்தான். யாராலும் காலைத் தூக்க முடியவில்லை, இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடுங்கள் மாஸ்டர் என்று கெஞ்சினாள். அவர் அவளையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்து, பிறகு விழுங்கிக்கொண்டார்.

“சரிம்மா. போய் நல்லாத் தூங்குங்க” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாஸ்டர் கோர்ட்டுக்கு வரவில்லை. முதல் செட் முடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. கடைத்தெரு மதுக்கடையின் படிக்கட்டில் போதையில் உருண்டு விழுந்தவர், மண்டை உடைந்து விடியும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகு ஆடியதெல்லாம் ஆட்டமா? தோற்ற கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிணவறைக்கு வெளியேதான் நிற்க முடிந்தது.

கேப்டன் பேச வேண்டிய முறை வந்தது. நல்லதாக நாலு வார்த்தை யோசித்துத்தான் வந்திருந்தாள். எழுந்து நின்றதும் அத்தனையும் மறந்துபோயிற்று. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அது தெரியாமல் இனி அவரை மனசார நினைக்கக்கூட முடியாது என்று தோன்றியது. மாஸ்டரின் மனைவி பக்கம் திரும்பினாள்.

“எங்க மேல உயிரையே வச்சிருந்தாரு, அக்கா. அப்படிப்பட்டவரு அன்னிக்குப் பார்த்து எங்களை ஏன் கைவிட்டாரு?”

பக்கத்தில் இருந்தவள் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். துக்க வீட்டில் இப்படிக் கேட்க எப்படித்தான் வாய் வருகிறதோ என்று யாரோ முணுமுணுத்தார்கள். கேப்டன் உட்காரவில்லை.

மாஸ்டரின் மனைவிக்குக் கோபம் வரவில்லை. கூட்டம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக நிமிர்ந்து அந்த எட்டு முகங்களையும் பார்த்தார். பெண்கள் முன்னால் தன் மரியாதை போய்விடும், யாரிடமும் மூச்சு விடாதே என்று மாஸ்டர் சத்தியம் வாங்கியிருந்ததாகச் சொன்னார். இனிமேல் காப்பாற்ற என்ன மரியாதை இருக்கிறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க நடுவுல ஓடி வந்தாத்தாம்மா அந்தக் கடையைத் தாண்ட அவரால முடியும்.”