ஐவரிக்குப் பக்கத்து நிறம்

இசைவாணி ஷேடு கார்டைத் தூக்கிக்கொண்டு கடையை விட்டு வெயிலுக்கே வந்துவிட்டாள்.

பெயிண்ட் கடை யாக்கோபும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தார். படப்பை ரோட்டில் ஷேர் ஆட்டோக்கள் கிளப்பிய தூசியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஐவரி, லினன் இரண்டுமே மங்கின வெள்ளைதான், அண்ணன் தம்பி மாதிரி, சுவரில் ஏறிவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்றார்.

அண்ணன் தம்பி என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது.

பிள்ளைப்பாக்கத்தில் அவர்கள் வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் ஆளுக்குப் பாதி. தம்பி நிலவன், அவள் கணவன், போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து அண்ணன் கன்னியப்பன் யாரிடம் பேசினாலும் மொத்தத்தையும் ‘என் வூடு’ என்றுதான் சொல்கிறார். போன வாரம் தன் பாதிக்கு ஐவரி அடித்தார். கையோடு, அவள் பாதிக்கும் அதையே அடித்துவிடும்படி சொல்லி அனுப்பினார். ஒரே வீடு, ஒரே கலர், பார்க்கிறவர்களுக்கு லட்சணமாக இருக்குமாம்.

லட்சணம் யாருக்கு வேண்டும்?

எது அவர் பாதி, எது தன் பாதி என்று ரோட்டில் போகிறவனுக்கும் தெரிய வேண்டும். அதற்காகக் கிளிப்பச்சை அடித்தால், குடும்ப மானத்தை வாங்கிவிட்டாள் என்று மனுஷன் ஊரைக் கூட்டிவிடுவார். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுப்பானேன்?

ஐவரிக்குப் பக்கத்திலேயே, ஆனால் ஐவரி இல்லாத நிறம்தான் வேண்டும். அதைப் பிடிக்கிற கண் அவளுக்கு உண்டு; அவள் வேலை அப்படி. ஒரகடத்தில் கார் கம்பெனியில் கதவின் நிறமும் பம்பரின் நிறமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, போகாததைத் திருப்பி அனுப்புகிறவள். ஒத்துப்போகாததை அவளாகத் தேடி எடுப்பது இன்றைக்குத்தான்.

“லினனே போடுங்கண்ணா. வெயில் சாஞ்சா கோடு தெரியணும்.”

யாக்கோபு தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக உள்ளே போனார். கலந்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். திருப்பித் தருகிற உத்தேசமே இல்லை என்றாள். பிறகு அளவுக்கு வந்தார். கன்னியப்பன் நேற்றே கடைப்பக்கம் வந்து, அந்தப் பெண்ணுக்கு மீதி பன்னிரண்டடிச் சுவர்தான், அதற்கு மேல் அவள் தலையில் கட்டிவிடாதீர்கள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

“பதினாலடிக்குக் கலந்துடுங்க.”

முன்சுவர் மொத்தம் இருபத்தெட்டு அடி. கன்னியப்பனின் ஐவரி நடுவைத் தாண்டி இரண்டடி அவள் பக்கம் வந்திருந்தது. அதன் மேலேயேதான் லினனை அடிக்கப்போகிறாள்.