திரும்பப் பெற்றவர்

மூன்றே வாரத்தில் உம்மாவின் கழுத்து வீங்கிக் குரல் அடைத்துவிட்டது. தைராய்டில் லிம்போமா, ஒரு புற்றுநோய் என்றார் டாக்டர். எந்த வகை என்று தெரிந்தால்தான் மருந்து ஏற்ற முடியும். கழுத்திலிருந்து எடுத்த சதையை மெழுகு பிளாக்கில் பதித்துக் கொடுத்தார்கள். ஆதில் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மேலப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி லேபுக்குப் போனான்.

“பயப்படாதிய தம்பி, இது மருந்துலயே கரையுத கட்டிதான்” என்றபடி லேப் அக்கா பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பி உம்மாவின் பெயரை எழுதினாள். “கொண்டுவந்தவர்னு இருக்குல்லா, அங்கன கையெழுத்துப் போடுங்க.”

போட்டான். அதே வரியின் கடைசிக் கட்டம், பிளாக்கைத் திரும்ப வாங்கிப் போகிறவர்களுக்கானது. அதிலும் அவன் கையெழுத்து இருந்தது. அதன் கீழே, வருகிற வெள்ளிக்கிழமையின் தேதி. காரணம் என்ற இடத்தில் அவனுடைய கோணல் எழுத்தில், ‘இனித் தேவையில்லை.’

“இது ஆரு போட்டது, அக்கா?”

“நீங்கதான தம்பி இப்ப போட்டிய?”

“நான் ஒண்ணுதான் போட்டேன்.”

அவள் இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தாள். முதல் கையெழுத்தின் மை விரலில் ஒட்டியது. மற்றது என்றைக்கோ காய்ந்திருந்தது.