அர்த்தம் சொன்ன மாப்பிள்ளை

அன்னபூரணி பாடிக்கொண்டே அந்தச் சமஸ்கிருத வரிக்கு வந்ததுமே, கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“முஞ்ச மாம்... அந்யத்ர மே மனோ கதம்...”

பெண் பார்க்க வந்த தெட்சிணாமூர்த்திக்கு மட்டும் வாயில் போட்ட கேசரி இறங்கவில்லை. சிதம்பரத்தில் நாலு வருஷம் சமஸ்கிருதம் படித்தவன் அவன். ‘என்னை விட்டுவிடு, என் மனசு வேறிடம் போய்விட்டது’ என்றல்லவா பாடுகிறாள்!

பாவம், சினிமாப் பாட்டு. இசைத்தட்டில் கேட்டதை அப்படியே ஒப்பிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

“மாப்பிள்ளை சமஸ்கிருதம் படிச்சவருன்னு தெரிஞ்சதுலேருந்து, இந்தப் பாட்டுதான் பாடுவேன்னு ஒத்தக்கால்ல நின்னா சம்பந்தி,” என்று பெண்ணின் அம்மா வடிவாம்பாள் பூரித்துப் போனாள். “குருக்கள் வீட்டுக்கு நடையா நடந்து பாடம் பண்ணிக்கிட்டு வந்தா.”

“பக்திப் பாட்டுல்ல பாடியிருக்கு பொண்ணு,” என்ற சோமசேகரன் தன் பிள்ளை பக்கம் திரும்பினார். “ஏன்டா, வாயில என்ன கொழுக்கட்டையா? அர்த்தத்தைச் சொல்லு. இந்தத் தலத்தெரு ஊர்க்காரங்களும் உன் படிப்பைத் தெரிஞ்சுக்கட்டும்.”

கூடமே அவன் வாயைப் பார்த்தது. உள்ளதைச் சொன்னால் பெண்ணின் மானம் இப்போதே தெருவுக்கு வந்துவிடும். தெரியாமல் பாடினாள் என்றால் ஊர் நம்பவா போகிறது? அவளோ தலை நிமிராமல் பாயில் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்பாள் பாட்டுதாம்ப்பா,” என்றான் கடைசியில். “தாயே, என் மனசு உன்கிட்ட வந்துட்டுதுன்னு அர்த்தம்.”

“அப்படிச் சொல்லு,” என்று சோமசேகரன் தொடையில் தட்டினார். தாம்பூலத் தட்டு அப்போதே கைமாறியது. வெள்ளிக்கிழமை மேரி என்கிற நகராட்சி ஆபீசில் கல்யாணத்தை எழுதிவிடுவதென்றும் பேசி முடித்தார்கள்.

“பிரெஞ்சுக்காரன் போனாலும் அவன் சட்டம் போவல சம்பந்தி,” என்று பெண்ணின் அப்பா சிரித்தார். “அங்க எழுதிட்டா அந்தப் பிரம்மா வந்தாலும் அழிக்க முடியாது.”

ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு தெட்சிணாமூர்த்தி காபி டம்ளரைக் கீழே வைத்தான். அதை எடுக்கக் குனிந்த அன்னபூரணி, அவன் காதுக்கு மட்டும் எட்டுகிற குரலில் சொன்னாள்.

“உங்க ஒருத்தருக்காவது புரியும்னுதானே பாடினேன்.”