புதன்கிழமை ரொட்டி

“இன்னும் என்ன விசாரணை? கையெழுத்தைப் போடுங்கக்கா, வேன்காரரை வெளியே அனுப்பிடலாம்!” மேஜையைத் தட்டினார் மாவு மில்காரர்.

அக்கா என்றால் பேக்கரி முதலாளி. மாவு மில், பேக்கரி, கவர் அச்சகம், வேன் கம்பெனி என்று நாலு பேர் சேர்ந்த அணிக்கு அவர்தான் தலைவி. ஊரின் மறுகோடியில் இதே மாதிரி இன்னொரு நாலு பேர். இரண்டு அணிக்கும் ஏழாம் பொருத்தம். அந்தப் பக்கம் ஒரு குண்டூசி கொடுத்தாலும் நீக்கம் என்பது ஒப்பந்தம்.

வேன்காரர் தலை நிமிரவில்லை. நீக்கினால் அவருடைய ஆறு வேன்களும் சும்மா நிற்க வேண்டியதுதான்.

அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. நல்ல சேதியோடுதான் கூட்டத்தை ஆரம்பித்திருந்தார். போன புதன்கிழமை ரொட்டி பிரமாதம் என்று கல்லூரி விடுதியிலிருந்து பாராட்டுக் கடிதம்.

“அந்த அணிக்காரங்க தலைகீழா நின்னாலும் இப்படி ஒரு ரொட்டி சுட முடியுமா?” என்று எல்லோருக்கும் வாசித்தே காட்டினார். அப்போதும் வேன்காரர் மட்டும் கைதட்டவில்லை.

இப்போது வேன்காரரைப் பார்த்து, “அந்த அணி பேக்கரி வாசல்ல உங்களுக்கு என்னண்ணே வேலை?” என்றார் அக்கா.

“அதை மட்டும் கேக்காதீங்கக்கா.”

மில்காரர் செல்போனை நீட்டினார். எதிரணி பேக்கரி வாசலில் நம்மவர் வேன். ஆட்கள் ரொட்டி ஏற்றுகிறார்கள். படத்தைப் பெரிதாக்கிய அக்காவுக்குத் திக்கென்றது. கவரில் இருந்தது அவருடைய பேக்கரியின் பெயர்!

“நான் அச்சடிச்ச கவரையே கொடுத்திருக்காரு! கூடவே இருந்து குழி பறிச்சிட்டாரே!” என்றார் அச்சகக்காரர்.

அக்கா பேனாவைத் திறந்தார். “எப்ப எடுத்த படம்?”

“புதன்கிழமை காலைல.”

பேனா நின்றது. அன்றைக்கு அவர் கணவரின் ஆபரேஷனுக்காக வெளியூரில் இருந்தார்.

“அண்ணே... அன்னிக்கு நம்ம ஓவன்?”

வேன்காரர் பெருமூச்சு விட்டார். “முதல் நாளே புகைஞ்சு நின்னுபோச்சுக்கா. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல இருக்கிற உங்ககிட்ட எப்படிச் சொல்றது? ஒரு வேளை ரொட்டி போகலைன்னாலும் விடுதி ஆர்டர் அவங்களுக்குப் போயிடும். வேற வழி தெரியாம அவங்க வாசல்லயே போய் நின்னேன். அந்த பேக்கரி முதலாளி ‘உங்க கவரை மட்டும் கொண்டாங்க’ன்னார்.”

“ஏன் நம்ம பேக்கரி ஆளுங்ககூட எங்கிட்ட சொல்லலை?”

“அந்த முதலாளி போட்ட ஒரே கண்டிஷன் அதுதான். ‘உங்க முதலாளியம்மாவுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அப்புறம் எங்கூட முழு மனசா போட்டி போட மாட்டாங்க’ன்னார்.”

மில்காரர் சத்தமில்லாமல் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டார். அக்காவை வெட்கம் பிடுங்கித் தின்றது. நீக்கக் கடிதத்தைக் கிழித்தார். விடுதிக் கடிதத்தைப் பத்திரமாக மடித்து வேன்காரரிடம் நீட்டினார்.

“இதைக் கொண்டு போய் அவர்கிட்ட கொடுத்துடுங்கண்ணே. விலாசம் மாறி நமக்கு வந்திருக்கு.”