நான்கு எண்கள்

நடத்திய பனியன் கம்பெனி கடனில் முழுகி, சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டு வந்த இரண்டு மாதத்துக்குப் பிறகு, வாடகை வீட்டுக்கு முதல் சிலிண்டர் வந்தது. "ஓடிபி சொல்லுங்க சார்," என்றார் கொண்டுவந்தவர். ஆதாரில் இருந்த பழைய போன் எண்ணைத்தான் கேஸ் ஏஜென்சியில் பதிந்திருந்தார்கள். கடன்காரர்களுக்குப் பயந்து கழற்றிய சிம்மைக் குங்குமச் சிமிழிலிருந்து எடுத்துப் போனில் போட்டான் நாச்சிமுத்து. நான்கு எண்களும் வந்தன. சொன்னான். சிம்மை மறுபடி கழற்றுவதற்குள் போன் அடித்தது. அவனுடைய பேங்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட வேலுச்சாமி. கை பழக்கத்தில் எடுத்துக் காதில் வைத்துவிட்டது.

"கேஸ் வருதுக்கா, பத்தவைங்க," என்றார் சிலிண்டர்காரர் சமையலறையில் அவன் மனைவியிடம்.



"கேஸ் வந்துருச்சாட்ட இருக்குது மச்சா," என்றான் வேலுச்சாமி. "நல்லாயிரு. இங்க வூட்டுக்கு சீல் வெச்சுட்டாங்க. மாட்டுக்கொட்டாயில மூணு கல்லு வெச்சு வெறகுலதான் சோறாக்கறா உன்ற தங்கச்சி. பொகையில கண்ணு ரெண்டும் பழுத்துக் கெடக்குது."

நாச்சிமுத்து போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"பால் பொங்கிருச்சுங்க!" உள்ளேயிருந்து மனைவி சந்தோஷமாகக் கூப்பிட்டாள். "எந்தப் பக்கமா வழியுதுன்னு வந்து பாருங்க."